மாதா கெபியில் எரிந்த கையெழுத்துகள்

நான் எழுதத் தெரிந்தவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வரி கோணும், எழுத்து விடுபடும், முன்னது பின்னது மாறிப்போகும்... பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் அடுப்பில் பால் வைத்ததுகூட மறந்துவிடுகிறது. மறக்கவேண்டும் என்று நான் ஜெபித்துக் கேட்ட ஒன்று மட்டும் மறக்கவில்லை.

அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் தைரியம் போய்விடும்.

வியட்நாமிலிருந்து படகில் வந்த ஜனங்களைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்று எங்கள் கோவில் தமிழர்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தை அழித்தவள் நான். ரோசம்மா அக்கா அல்ல. நான்தான்!

பத்து வருஷம் போலாகிறது. அப்போது நாங்கள் தேக்காவில், எருமைச் சாலைப் பக்கம், ஒரு கடைவீட்டின் மாடி அறையில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு தஞ்சோங் பகாரில் வேலை. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் படகில் ஆள்.

ஒருநாள் அவர் வேலை முடிந்து வந்து, சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. என்னவென்று கேட்டேன். கடலில் ஒரு மரப்படகைப் பார்த்தாராம். எங்கள் அறை அகலம்கூட இருக்காதாம். அதற்குள் கிழவர், பிள்ளைகள், கைக்குழந்தை எல்லாம் ஒருவர்மேல் ஒருவர்.

“ஒரு பொம்பள காலி டின்னைத் தூக்கித் தூக்கிக் காட்டினா. எங்க படகு முழுக்கத் தண்ணி. குடுக்க எங்களுக்கு உத்தரவு இல்ல.”

பிறகு ரோந்துப் படகு வந்ததாம். அவர்களே தண்ணீர் கொடுத்தார்களாம். அரிசி, எண்ணெய், மருந்து எல்லாம் கொடுத்தார்களாம். ஆள் இறங்கி இயந்திரத்தைப் பழுதுபார்த்தார்களாம். அப்புறம் கயிறு கட்டி, நடுக்கடல் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்களாம்.

“மரியாதையாத்தான் நடத்தினாங்க, செபஸ்தி. அதுதான் எனக்குத் தாங்கல. அடிச்சு விரட்டியிருந்தா, கெட்டவங்கன்னு சொல்லிட்டு சோறு தின்னிருப்பேன்.”

வெளியில் சொல்லாதே என்றார். எனக்கு யாரிடம் பேச வரும்? கூட்டத்தில் என் பெயரைக் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் நான் சொன்னேன்... பீடத்துணிகளைத் துவைத்து மடித்துக் கோவிலில் கொடுப்பது என் வேலை. துணியைக் கொடுக்கப் போன இடத்தில், சின்னச் சாமியார் சும்மா “வீட்டுல எல்லாரும் சுகமா?” என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தப் படகு, அந்த டின், அந்தக் கயிறு, எல்லாம் வாயிலிருந்து கொட்டிவிட்டது.

அவர் வயது குறைந்தவர். கேட்டதும் முகம் வெளுத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அடிபட்டு வழியில் கிடந்தவனையும், கண்டும் காணாமல் விலகிப் போனவர்களையும் பற்றிப் பேசினார். படகு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு மட்டும் வியர்த்தது.

அடுத்த வாரம் காகிதம் தயாராகிவிட்டது.

அது அக்டோபர், ஜெபமாலை மாதம். எங்கள் வழக்கத்தை உங்களுக்குச் சொல்லவேண்டும். அந்த மாதம் முழுக்க மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். கண்ணாடிக் கதவு வைத்த மரப்பெட்டிக்குள் மாதா நிற்பார். ஒவ்வொரு நாளும் ஒரு வீடு. சாயங்காலம் எல்லோரும் அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். மாதா பாதத்தில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். மனதில் உள்ளதைச் சீட்டில் எழுதி, மடித்து, அதற்குள் போடுவார்கள். அந்தச் சீட்டை யாரும் பிரிக்கக்கூடாது. மாதக்கடைசிச் சனிக்கிழமை பூசை முடிந்ததும், கோவில் முற்றத்தில் கல்குகை மாதிரி கட்டியிருக்கும் மாதா கெபிக்கு முன்னால் ஓர் இரும்புச் சட்டியில் எல்லாச் சீட்டையும் கொட்டி எரித்துவிடுவார்கள். புகை மேலே போனால் வேண்டுதல் போய்ச் சேர்ந்தது என்று நம்பிக்கை.

பெட்டியை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது நான். யாரிடமும் வம்பு பேசமாட்டேன், எதையும் பிரித்துப் பார்க்கமாட்டேன் என்பதற்காகவே எனக்குக் கொடுத்த வேலை.

சின்னச் சாமியார் அந்தக் காகிதத்தை ஒரு பழுப்பு உறையில் போட்டு மாதாவுக்குப் பின்னால் சாத்திவைத்தார். விருப்பம் உள்ள வீட்டார் கையெழுத்துப் போடட்டும் என்றார். மாதக்கடைசியில் பெரிய சாமியார் மூலமாக அரசாங்கத்துக்குப் போகும்.

முதல் வீடு சூசை வாத்தியார் வீடு. தமிழ்ப் பள்ளியில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஜெபம் முடிந்து காப்பி கொடுத்தபோதே அவர் தொடங்கிவிட்டார்.

“ஃபாதர், நான் என் சட்டையைக் கழட்டி ஒருத்தனுக்குக் குடுக்கலாம். அது புண்ணியம். ஊருக்குத் தலைவனா இருக்கிறவன் ஊரார் சட்டையைக் கழட்டிக் குடுக்க முடியுமா? அதுக்குப் பேரு புண்ணியமா?”

நாடு என்பது யார் என்று சாமியார் திருப்பிக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முழங்கால் போடுகிறவர்களும்தானே திங்கட்கிழமை நாடாக இருக்கிறார்கள் என்றார். வாத்தியார் விடவில்லை. இந்த நாட்டில் நம் சாமியை வணங்காதவர்கள்தான் அதிகம், நம் வேதத்தை அவர்கள் தலையில் எப்படிச் சுமத்துவது என்றார். ஒரு படகை இறக்கினால் அடுத்த மாதம் நூறு வரும், நம்முடையதோ சின்னத் தீவு, சுற்றியிருக்கும் பெரிய நாடுகள் என்ன சொல்லும், ஆள்கிறவனுக்கு இரக்கத்தைவிட விவேகம் முக்கியம் என்றார். விவேகமும் புண்ணியம்தான் என்று சின்ன வயதில் நாம் மனப்பாடம் செய்யவில்லையா என்று கேட்டார்.

அப்போது ரோசம்மா அக்கா பேசினாள். அவள் விதவை. சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் என்னைப்போல் இல்லை, யாருக்கும் பயப்படமாட்டாள்.

“வாத்தியாரே, ஏரோது ராசா பிள்ளைங்களை வெட்டினப்ப, சூசையப்பர் மாதாவையும் குழந்தையையும் கூட்டிக்கிட்டு எகிப்துக்கு ஓடினாரே, அங்க எந்த ஆபீசர் ஐ.சி. கேட்டான்?”

“எகிப்து பெரிய நாடு ரோசம்மா. இங்க நாமளே ஒரு ஃபிளாட்டுக்கு எழுதிப் போட்டுட்டு வருஷக்கணக்கா காத்துக் கிடக்கிறோம் லா.”

“அப்ப நீங்க எகிப்துல ஆபீசரா இருந்தா, நமக்கு யேசு சாமியே இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்! சாமியாருக்கே ஆச்சரியம். ஏன் என்று கேட்டார்.

“முடியாதுன்னு சொல்றது அவங்க வேலை, ஃபாதர். நியாயமாவே சொல்லலாம். கேக்கிறது நம்ம வேலை. கேக்காம இருந்துட்டு, அவங்க குடுக்கலன்னு சொல்லக்கூடாது.”

இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னை அறுப்பது இதுதான்.

பெட்டி நகர்ந்தது. போகும் வீடெல்லாம் பேச்சு வளர்ந்தது. சிலர் போடவில்லை. சிலர் போட்டார்கள். ஒரு குடும்பத்தைச் சில மாதம் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொடுத்தவர்கள்கூட உண்டு. ஒண்டுவதற்கு இடமில்லாத அறைகளில் இருந்துகொண்டு அப்படி எழுதினார்கள்! முப்பது பெயர் இருக்கும்... கூடவும் இருக்கலாம்.

என் வீட்டுக்குப் பெட்டி வந்த நாள், அவர் வேலையிலிருந்து வருமுன் நான் அந்தக் காகிதத்தைப் பிரித்துப் படித்தேன். மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். நடுவில் ஒரு வரி. எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த, தண்ணீர்ப் படகில் வேலை செய்யும் ஒருவர், ஒரு படகு இழுத்துச் செல்லப்பட்டதைத் தம் கண்ணால் கண்டார் என்று.

எங்கள் பங்கில் தண்ணீர்ப் படகில் வேலை செய்கிறவர் வேறு யார்?

என் வீட்டுக்காரருக்கு அப்போது நீல ஐ.சி.தான், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அந்த வாரத்திலேயே கடிதம் வந்தது, நேரில் வரச்சொல்லி. அவர் சந்தோஷத்தில் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார். நான் இஸ்திரி போட்டுக்கொண்டே யோசித்தேன். கடலில் பார்த்ததை வெளியில் சொன்னவன் என்று தெரிந்தால்? வேலை போனால்? ஐ.சி.யைப் பிடுங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பலேற்றிவிட்டால்?

அப்படி யாருக்காவது நடந்து நான் பார்த்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. பார்க்கவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. கதவைத் தட்டவில்லை. பயம் தானாகவே வந்து, வீட்டுக்காரி மாதிரி உட்கார்ந்துகொண்டது.

அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள் ஃபாதர் என்று கேட்டிருந்தால் எடுத்திருப்பார். நல்ல மனுஷர். கேட்கத்தான் போனேன், இரண்டு முறை. ஒரு முறை அவர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை தனியாகத்தான் இருந்தார். “என்ன செபஸ்தியம்மா?” என்றார். பீடத்துணிக்கு நீலம் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இதுதான் என் வெட்கம்... ஓர் ஆளிடம் ஒரு வாக்கியம் பேச முடியாததற்காக, கடலில் கிடந்தவர்களுக்கான ஒரே காகிதத்தை நான் கொன்றேன்.

கடைசி வீடு ரோசம்மா அக்கா வீடு. அவள் கட்டைவிரலில் ஊதா மை தடவி, காகிதத்தின் அடியில் அழுத்தி வைத்தாள். மறுநாள் சனிக்கிழமை. மூன்று மணிக்குப் போய் பெட்டியை எடுத்துக்கொண்டு கோவிலுக்கு நடந்தேன். வழியில் மூடிக் கிடந்த ஒரு கடையின் முன்னால், கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் பெட்டியை இறக்கினேன். கை நோகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை நோகவில்லை.

உறையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். நான்காக மடித்தேன், எட்டாக மடித்தேன், சீட்டு அளவுக்கு வந்தது. பிஸ்கட் டின்னில், மற்ற சீட்டுகளுக்கு நடுவில் செருகினேன். உறையைப் பழையபடி சாத்தினேன். அழிக்கவில்லை, மாதாவிடம்தானே கொடுக்கிறேன், அரசாங்கத்தைவிட மாதா பெரியவர்தானே என்று முணுமுணுத்தேன். எப்படிப்பட்ட நாக்கு பாருங்கள்! மனிதரிடம் பேச வராத நாக்கு, மாதாவிடம் பொய் சொல்ல மட்டும் வந்தது.

பூசை முடிந்தது. கெபிக்கு முன்னால் டின்னைச் சட்டியில் கவிழ்த்தார்கள். நெருப்பு வைத்தவர் சின்னச் சாமியார். தன் காகிதத்துக்குத் தானே தீ வைக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தடித்த காகிதம், மெல்லப் பிடித்தது. சூட்டில் மடிப்பு பிரிந்து ஓரம் மேலே எழும்பியது. ஊதாக் கைநாட்டு தெரிந்தது. ஓடிப்போய் எடுத்திருக்கலாம். விரல் சுடும் அளவுக்குத்தான் நெருப்பு. எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். நானும் பாடினேன்.

அரைமணி கழித்து உறையைத் திறந்தார்கள். காலி.

சாமியார் என்னைக் கேட்டார். “கடைசியா ரோசம்மா அக்கா வீட்டுல இருந்துச்சு, ஃபாதர்” என்றேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் நான் சொன்ன பொய்களிலேயே பெரியது.

எழுதப் படிக்கத் தெரியாதவள், சீட்டு என்று நினைத்து டின்னில் போட்டுவிட்டாள் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. யாரும் அவளைத் திட்டவில்லை. பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்றார்கள். அவள் விழித்துக்கொண்டு நின்றாள்.

சாமியார் மறுபடி எழுதப் பார்த்தார். ஆனால் அதற்குள் பெண்கள் நடுவில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. காகிதம் அரசாங்கத்துக்குப் போவதில் மாதாவுக்கே விருப்பமில்லை, அதனால்தான் தன் முன்னால் எரியவைத்துக்கொண்டார், இது அடையாளம் என்று. ஒருத்தி சொல்லி, ஒன்பது பேர் நம்பினார்கள். முதலில் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டாம் முறை தயங்கினார்கள். வேண்டாம் ஃபாதர், மாதாவே வேண்டாம் என்று சொன்னபிறகு நாம் யார் என்றார்கள். என் கோழைத்தனம் ஒரு வாரத்தில் பரலோகத்தின் சித்தமாகிவிட்டது!

வாத்தியார் மட்டும் நம்பவில்லை. “மாதா காகிதத்தை மடிக்கிறதை நான் இதுவரைக்கும் கேள்விப்பட்டதில்ல” என்றார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, பெட்டியைப் பார்த்துச் சொன்னாரா? இன்றுவரை தெரியாது. அவர் இறக்கும்வரை அவர் வீட்டுப் பக்கம் நான் தனியாகப் போனதில்லை.

சாமியாரை அடுத்த வருஷம் வேறு கோவிலுக்கு மாற்றினார்கள். காகிதம் போகவே இல்லை.

வீட்டுக்காரருக்குக் குடியுரிமை வந்து பிங்க் ஐ.சி. கிடைத்தது. நாங்கள் புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டோம். நல்ல காற்று, நல்ல தண்ணீர். குழாயைத் திறக்கும்போதெல்லாம்... வேண்டாம், அதை எழுதவில்லை.

ஒரு நாடு யேசு சாமி சொன்னபடி அடுத்த நாட்டு ஜனத்திடம் நடந்துகொள்ள முடியுமா? படித்தவர்களே முடிவு காணாததை நான் என்ன சொல்வேன்? சின்னத் தீவு, அடுத்தவனை நம்பியிருக்கிற தீவு. அதைக் கட்டிக் காக்கிறவர்களுக்கும் பயம் இருந்திருக்கும். அவர்கள் பயத்துக்கு விவேகம் என்று பெயர் இருக்கலாம். என் பயத்துக்கு என்ன பெயர்?

முதலில் நான் இப்படிச் சொல்லிச் சமாதானம் தேடினேன்: நாடு தன் வீட்டைக் காக்கப் படகைத் தள்ளியது, நான் என் வீட்டைக் காக்கக் காகிதத்தைத் தள்ளினேன், நாடு செய்தது சரியென்றால் நான் செய்ததும் சரிதானே என்று. சில வருஷம் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு தூங்கினேன். பிறகு அது நின்றுவிட்டது. நாடாவது வெளிச்சத்தில் செய்தது. தண்ணீர் கொடுத்து, அரிசி கொடுத்து, முகத்தைப் பார்த்து முடியாது என்றது. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அரசாங்கம் முடியாது என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியே அவர்களிடம் போய்ச் சேரவில்லையே! இல்லை என்று சொல்லும் பாரத்தையும், ஆமாம் என்று சொல்லும் புண்ணியத்தையும், இரண்டையுமே அவர்களுக்கு இல்லாமல் செய்தவள் நான்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாயா என்று கேட்பீர்கள். பொய் சொன்னேன் சாமி என்று சொன்னேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அது மன்னிப்பாகுமா?

ரோசம்மா அக்கா அதற்குப் பிறகு மாதாவைத் தன் வீட்டுக்கு வாங்கவே இல்லை. நான் பெட்டியோடு போய் நின்றால், அடுத்த வீட்டைக் காட்டுவாள். எனக்குக் கை சரியில்லை, என்னிடம் கொடுக்காதே என்பாள். பேச்சும் குறைந்துபோனது. ஜெபக்கூட்டத்தில் யாராவது எதையாவது வாதாடினால், அவள் எழுந்து காப்பித் தம்ளர்களைக் கழுவப் போய்விடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்க்கப் போனேன். கட்டிலில் பாதி ஆளாகிவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“செபஸ்தி, உண்மையச் சொல்லு. நான்தான் டின்னுல போட்டேனா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறேன், போட்ட ஞாபகமே வரல.”

நான் வாயைத் திறந்தேன். சாமி சத்தியமாகத் திறந்தேன்.

“அந்தப் படகுப் பிள்ளைங்க கடல்ல செத்திருந்தா, அது என் தலையிலயா?”

“இல்லக்கா” என்றேன்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். நாற்காலி கேட்டார்கள். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கட்டும் என்று வந்துவிட்டேன். தூங்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது பழைய ஆட்களாக இருந்தால், நான் எழுதியதைச் சரிபார்த்துக் கொடுங்கள். கையெழுத்துகள் முப்பதா, கூடுதலா என்று. அது எந்த வருஷம் என்று. பின்னால் கொஞ்சப் பேரை மட்டும் வடக்கே ஒரு முகாமில் தங்கவைத்து வேறு தேசங்களுக்கு அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். அது உண்மையா, அதில் கைக்குழந்தைகள் இருந்தார்களா என்று யாராவது விசாரித்து எழுதுங்கள். பெயர்களில் தவறு இருந்தால் திருத்துங்கள்.

ஆனால் விசாரிக்க என் வீட்டுக்கு வரவேண்டாம். கடிதமும் போடவேண்டாம். என் வீட்டுக்காரருக்கு நான் செய்தது எதுவும் தெரியாது. நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.